ஜன்னலோரத்து நீலம்

14-11-79, புதன்

காலையிலிருந்து தூறல். கூடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க முருகேசன் வந்தார். ஞாயிறு மகள் வசந்தாவைப் பெண் பார்க்க லாஸ்பேட்டையிலிருந்து வருகிறார்கள். வெறும் வெள்ளை இவருக்கு ஆகாது. மாமனார் மேரியில், அதான் பிரெஞ்சுக்காரன் நகராட்சி ஆபீஸில், வேலை பார்த்த காலத்தில் அடித்த நீலம்தான் வேண்டுமாம். சுண்ணாம்பில் நீலப்பொடி கலந்து மூன்று திட்டு அடித்துக் காட்டினார் முருகேசன். ஜன்னலோரம் ஒரு சிட்டிகை, நடுவில் இரண்டு, கதவோரம் மூன்று. என் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். இவர் கண்ணாடியை ஏற்றி இறக்கி அவ்வளவு நேரம் பார்த்தார். என்னைப் பெண் பார்க்க வந்தபோது இதில் பாதிகூடப் பார்த்திருக்க மாட்டார். காய்ந்ததும் முடிவு.

வாங்க: ரவை, முந்திரி, பூ. மீன் இன்றோடு சரி. ஞாயிறு வீட்டில் வாடை கூடாது.

15, வியாழன்

மழை. நடுத்திட்டும் கதவோரமும் வெளுத்துவிட்டன. ஜன்னலோரம் மட்டும் அழுத்தமான நீலம். "இதான் எங்கப்பா நீலம். இதுக்குச் சரியா கலந்து அடி" என்றார் இவர். அடித்தாயிற்று.

துணி காயவில்லை. ஏதோ உறுத்தல். அங்கே போட்டது ஒரே சிட்டிகைதானே?

16, வெள்ளி

கூடம் முழுக்க நீலம். ஜன்னலோரம் மறுபடியும் கறுத்துத் தெரிகிறது. உள்ளங்கையை வைத்தேன். ஈரம், கையெல்லாம் நீலம். அது காயவே இல்லை. மேலே உத்திரம் சுவருக்குள் போகிற இடத்தில் விரலால் அழுத்தினால் மரம் புட்டு மாதிரி உதிர்கிறது.

இவரிடம் சொன்னேன். "நல்ல காரியம் நடக்கப்போற வூட்ல சுவரு வுழும்னு சொல்லுவியா? வாயக் கழுவு." ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் தட்டிப்போனது. வசந்தாவுக்கு இருபத்தேழு. கூடத்துப் பெஞ்சைக் கதவோரம் நகர்த்திப் போட்டேன்.

18, ஞாயிறு

விடாத மழை. வந்துவிட்டார்கள், ஐந்து பேர். கதவோரம் நான் போட்டு வைத்த பெஞ்சை, நீலம் எடுப்பாகத் தெரியட்டும் என்று இவர் ஜன்னலடிக்கு இழுத்துவிட்டார்.

இரண்டாவது டிகாஷன் இறங்குகிறது. அதுவரை அடுக்களையில் நின்று எழுதுகிறேன். மாப்பிள்ளையின் அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் காபியில் நீலப் பொருக்கு ஒன்று விழுந்தது. விரலால் எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தார். நல்ல மனுஷர். "இங்க வாம்மா, பக்கத்துல உக்காரு" என்று மாப்பிள்ளையின் அம்மா வசந்தாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டாள். பிடித்துவிட்டது, தெரிகிறது.

உத்திரம் ஒரு தரம் முனகியது. இவருக்கும் கேட்டது. என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினார்.

எழுந்திருங்கள் என்று சொன்னால் அபசகுனம் பிடித்த வீடு என்று போய்விடுவார்கள். இதுவும் போனால் வசந்தா என்னை மன்னிக்க மாட்டாள்.

வசந்தா சிரிக்கிறாள். எத்தனை நாளாயிற்று.

மறுபடியும் அந்தச் சத்தம். இவர் பேச்சை நிறுத்திவிட்டார். போகிறேன், எழுந்திருங்கள் என்று சொல்ல.