தூங்குகிறார் என்று சொன்னவள்

மார்ச் 6

அன்புள்ள அண்ணி,

நலமா என்று கேட்க வாய் வரவில்லை, இருந்தாலும் கேட்கிறேன். என் போனைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டது. இனி என் கோழிக்கிறுக்கலைப் படிப்பது உங்கள் தலையெழுத்து.

வாசலில் இன்னும் கேமராக்காரர்கள் இருக்கிறார்கள். எதிர்வீட்டுச் சுவரில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். எங்கள் ஜன்னல் திரை லேசாக ஆடினால் போதும், தேசிய கீதம் போட்டதுபோல் எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். மாடிக்குப் போய்த் துணி உலர்த்த முடியாமல் குளியலறையிலேயே போடுகிறேன். வீடெல்லாம் ஈர வாடை. சின்னவளும் பள்ளிக்கூடம் போவதில்லை. "உங்கப்பாதானே அந்த நடிகையைக் கொன்னது?" என்று பக்கத்தில் உட்கார்கிறவளே கேட்டாளாம்.

வக்கீல் ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார். அந்த நடிகை செத்த சாயங்காலம் உங்கள் தம்பிக்கு வேலை கொடுக்கும் கான்ட்ராக்டர் எனக்குப் போன் செய்து அவரைக் கேட்டார். தூங்குகிறார் என்றேன். போலீஸிடமும் அதையே சொன்னேன். அவள் வீட்டுக்கு வயரிங் செய்தவர், மாற்றுச் சாவி இருக்கும் இடம் தெரிந்தவர் என்று அவர்கள் ஆயிரம் சொல்லட்டும், என் ஒரு வார்த்தை போதும் என்கிறார் வக்கீல். அடுத்த மாதம் நான் கூண்டில் ஏறி அதைச் சொல்ல வேண்டும்.

உங்கள்
வாயாடி

மார்ச் 14

என் வாயாடிக்கு,

கல்யாணப் பந்தலிலேயே உனக்கு நான் வைத்த பேர் இது. இன்றைக்கு அந்த வாய்தான் என் தம்பியைக் காப்பாற்றப் போகிறது பார்.

உன் கடிதத்தைத் தையல் கம்பெனிக் கழிவறையில் ஒளிந்துகொண்டு படித்தேன். அவன் என் தம்பி என்று இங்கே யாருக்கும் தெரியாது. நேற்றுச் சாப்பாட்டு வேளையில் டி.வி.யில் அவன் முகத்தைக் காட்டினார்கள். பொத்தான் வைக்கிறவள், "இவனையெல்லாம் தூக்குல போடணும்" என்றாள். எல்லாரும் ஆமாம் போட்டார்கள். நானும் ஆமாம் போட்டேன். இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளையை அப்படிச் சொல்லிவிட்டு, மிச்சச் சோற்றையும் அவர்கள் முன்னால் தின்று முடித்தேன்.

சின்னவளை இங்கே அனுப்பு என்று எழுத ஆசைதான். யார் பிள்ளை என்று கேட்பார்களே என்று பயமாக இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே.

அன்புடன்
அண்ணி

மார்ச் 25

அன்புள்ள அண்ணி,

கோபமெல்லாம் இல்லை. யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றை உங்களிடம் சொல்லப் போகிறேன்.

அன்று நான் அவரைப் பார்க்கவில்லை. வேலையிலிருந்து வந்தால் அறைக் கதவைச் சாத்திக்கொள்வாரே, யார் கேட்டாலும் தூங்குகிறார் என்று சொல்லிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். உங்களுக்கே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! அன்றைக்கும் கதவைத் திறக்காமல்தான் சொன்னேன். ஆனால் உள்ளே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஆளில்லாத அறையில் விசிறி ஓடினால் வீட்டையே இரண்டாக்குகிறவர் அவர். விசிறி ஓடினால் ஆள் உள்ளே என்று அர்த்தம். அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

நேற்றுச் சிறையில் பார்த்தபோது மெல்லக் கேட்டேன். "அன்னைக்கு நிஜமாவே தூங்கிட்டுத்தானே இருந்தீங்க?"

கம்பி வலையோடு முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டார். "நீதானே சொன்னே, தூங்குறேன்னு" என்றார். பிறகு சின்னவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று விசாரித்தார்.

இல்லை என்றாவது ஆமாம் என்றாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரவெல்லாம் அந்த விசிறிச் சத்தத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தைரியம் சொல்லுங்கள்.

உங்கள்
வாயாடி

ஏப்ரல் 4

அசட்டுப் பெண்ணே,

பார்த்தாயா, பார்க்கவில்லையா என்று யார் கேட்டார்கள்? தூங்கினான் என்று சொல். பொய்யாகவே இருந்தாலும் உன் வாய் அழுகிவிடாது. அந்த வார்த்தையை முதலில் சொன்னவளே நான்தான்.

எங்கள் அப்பா குடித்துவிட்டு வந்தால் அடிக்க ஆள் தேடுவார். நான் அறைவாசலில் நின்றுகொண்டு, தம்பி தூங்குறான்ப்பா என்பேன். உள்ளே ரேடியோ பாடும். அதைக் கேட்டு, உள்ளேதான் கிடக்கிறான் என்று அவரும் விட்டுவிடுவார். இவனோ ரேடியோவைப் போட்டுவிட்டுப் பின்ஜன்னல் வழியாக எப்போதோ குதித்துப் போயிருப்பான், கள்ளப்பயல்! அந்தப் பொய்யால்தான் அவன் கைகால் உடையாமல் வளர்ந்தான். நான் வாசலில் நின்றேன். இப்போது நீ நில். அவ்வளவுதான் கேட்கிறேன்.

அவனை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

அண்ணி

ஏப்ரல் 19

அன்புள்ள அண்ணி,

கோர்ட்டில் நடந்ததை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். என் வாயாலும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கடிதம் வரும்வரை நான் நிம்மதியாகவே பொய் சொல்லியிருப்பேன். பொய் என்றே தெரிந்திருக்காது. விசிறி ஓடியது, ஆள் உள்ளே இருந்தார் என்று சத்தியம் செய்திருப்பேன். ரேடியோவைப் பற்றிப் படித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு எங்கள் அறைக்குள் போனேன். எங்கள் அறைக்கும் பின்னால் ஒரு ஜன்னல் இருக்கிறது, அண்ணி.

கண்ணால் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். பார்க்கவில்லை, கதவு சாத்தியிருந்தது, விசிறி ஓடியது என்றேன். வக்கீல் கையிலிருந்த தாளை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். உங்கள் தம்பி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ரேடியோவைப் பற்றி நான் மூச்சுக்கூட விடவில்லை. உங்கள் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். அவர் செய்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. தெரியாமலேதான் அவருக்குச் சோறு கொண்டுபோகிறேன், தெரியாமலேதான் அவர் சட்டையைத் துவைக்கிறேன். நீங்கள் என்னைத் திட்டி எழுதினாலும் சரி, எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

இன்று காலையில் யாரோ கதவைத் தட்டினார்கள். நான் அடுப்படியில் இருந்தேன். சின்னவள் ஓடிப்போய்ச் சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "அம்மா தூங்குறாங்க" என்றாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஈரக்கையோடு போய் அவளை நகர்த்திவிட்டுக் கதவைத் திறந்தேன். வாசல் முழுக்கக் கேமரா. தூங்கவில்லை, முழித்துக்கொண்டுதான் இருக்கிறேன், என்ன வேண்டும் என்று கேட்டேன்.

இனியும் அப்படிக் கூப்பிட மனமிருந்தால்,
உங்கள் வாயாடி