இரண்டு பிரின்டரும் கம்சாயினியின் நாலு மணியும்

செங்கலடி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் உதயரூபனுக்கு,

அப்பாவின் முழங்கால் நோவைத் தவிர இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் மருமகள் நிருஷாவும் அந்தக் குளிருக்குள் சுகமாக இருக்க வேண்டும் என்று மாமாங்கப் பிள்ளையாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மட்டக்களப்பு எறோல் அண்ணரின் மகள் ஹெதர் லீவு முடிந்து புதன்கிழமை கனடா திரும்புகிறாள், அவளிடம் கருவாட்டுப் பார்சலோடு இந்தக் கடிதத்தையும் கொடுத்துவிடுகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் தொடங்கினதும் நீ பத்துக் கேள்வி கேட்பாய், கதை பாதியில் நின்றுவிடும். இங்கே மழை பிடித்துவிட்டது, நெல் விதைத்த வயல் வட்டையெல்லாம் பச்சை, அப்பா நோகிற காலையும் இழுத்துக்கொண்டு தினமும் வரம்பில்தான் நிற்கிறார், சொன்னால் கேட்கிறாரா.

நம்முடைய போட்டோக்கொப்பிக் கடைக் கொம்பியூட்டர் இடி மின்னலில் போனது உனக்குத் தெரியும். ஏறாவூர் மஜீட் தம்பி வியாழக்கிழமை வந்து புது மதர்போட் போட்டுத் தந்தார், பழைய கோப்பெல்லாம் பத்திரமாக இருந்தது, மழை இருட்டினபடியால் பிரின்டரைப் போட்டுப் பார்க்காமல் ஓடிவிட்டார். வெள்ளிக்கிழமை ஒரு மணிபோல கம்சாயினி என்று ஒரு பிள்ளை பென்டிரைவோடு ஓடி வந்தாள். கல்குடாவில் மீன் பிடிக்கிறவரின் மகள், வந்தாறுமூலை கம்பஸில் கடைசி வருடம். ஆய்வுக் கட்டுரை எண்பத்திநாலு பக்கம், மூன்று கொப்பி, கம்பஸ் வாசல் கடைகளில் கரண்ட் இல்லையாம். "அன்ரி, நாலு மணிக்குள்ள குடுக்காட்டி அடுத்த பட்ச் பிள்ளையளோடதான் முடிக்க வேணும், இன்னும் ஆறு மாசம் ரூம் வாடகை கட்ட வீட்டில ஏலாது" என்று சொல்லிக்கொண்டே பென்டிரைவை என் கையில் வைத்தாள்.

அச்சுக்குக் கொடுத்தேன், பிரின்டர் அசையவில்லை. திரும்பத் திரும்பக் கொடுத்தேன், பச்சை லைட் எரிகிறது, ஒரு தாள் வரவில்லை. மஜீட் தம்பிக்கு எடுத்தால் ஜும்மா தொழுகை நேரம், போனை நிறுத்தி வைத்திருந்தார். உனக்கு எடுக்கக் கை போனது, ஆனால் அங்கே விடிய இன்னும் எவ்வளவு நேரம், நீ இரண்டு வேலை முடித்து அப்போதுதான் படுத்திருப்பாய் என்று கையை எடுத்துக்கொண்டேன். மறுகா ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பிரின்டரின் பொத்தானையே அழுத்திப் பிடித்தேன், தன்பாட்டில் சோதனைத் தாள் ஒன்றை அழகாகத் தள்ளியது, அப்போ பிரின்டரில் பிழை இல்லை. ஸ்கேனரின் வயரைக் கழற்றிப் பிரின்டருக்கு மாட்டினேன், அதே நிலைமை, வயரிலும் பிழை இல்லை. அதே யூஎஸ்பி ஓட்டையில் மவுசைச் செருகினேன், ஓடியது. கம்சாயினி பக்கத்தில் நின்று மணிக்கூட்டைப் பார்க்கிறாள், நகத்தைக் கடிக்கிறாள், எனக்கு வியர்த்து ஊற்றுகிறது.

மணி இரண்டரை. பிரின்டர்களின் பட்டியலைத் திறந்து பார்த்தால் நம்முடைய பிரின்டரின் பெயர் இரண்டு தரம் இருக்கிறது! மேலே ஒன்று மங்கலாக, கீழே ஒன்று பளிச்சென்று, பெயருக்குப் பின்னால் கொப்பி ஒன்று என்று போட்டிருக்கிறது. பச்சை அடையாளம் மேலே இருந்ததில்தான், நான் அனுப்பிய பதினொரு அச்சு வேலையும் அதற்குள் வரிசையில் நிற்கின்றன. மதர்போட் மாறியதால் கொம்பியூட்டர் அதே பிரின்டரைப் புதிதாக வந்த ஆள் என்று நினைத்துத் தனிப் பெயர் எழுதிவிட்டது, நானோ இல்லாத பழைய ஆளுக்கே தாளை அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். பச்சை அடையாளத்தைக் கீழே மாற்றிவிட்டு அச்சுக்குக் கொடுத்தேன். கடகடவென்று முதல் பக்கம் வந்தது. அந்தப் பிள்ளை "வந்திட்டு அன்ரி, வந்திட்டு!" என்று என்னைக் கட்டிப்பிடித்துவிட்டாள். மூன்று கொப்பியும் முடித்து ஸ்பைரல் போட மூன்றரை, அப்பா வட்டையால் வந்தவர் சேற்றுக் காலோடு அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பறந்தார். நாலுக்கு எட்டு நிமிடம் இருக்கக் கொடுத்துவிட்டாளாம். திரும்பி வந்து "நீ எஞ்சினியர்தான்கா" என்று அப்பா சிரித்த சிரிப்பு இன்னும் முடியவில்லை.

இனி உனக்கு ஒன்று சொல்ல வேண்டும், கோபிக்காதே. ஆவணியில் ஒரு நாள் தாள் இறுகிவிட்டது என்று உன்னை அரை மணித்தியாலம் போனில் பிடித்து வைத்திருந்தேனே, அன்றைக்குத் தாள் ஒன்றும் இறுகவில்லை மகன். நீ "அம்மா, பின்மூடியத் திறங்க, மெதுவா இழுங்க" என்று சொல்லச் சொல்ல நான் சும்மா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். கொம்பியூட்டர் பழுதானால்தான் நீ ஆறுதலாகக் கதைக்கிறாய், மற்ற நாளில் சுகமா, சாப்பாடா என்று இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுகிறாய். இப்போது அம்மா தானே திருத்தப் பழகிவிட்டாள் என்று தெரிந்து அந்த அரை மணித்தியாலத்தையும் நிறுத்திவிடாதே, அந்தப் பயத்தில் இதை எழுதாமல் விடலாமா என்றும் யோசித்தேன்.

நிருஷாவை அந்த இருமலுக்கு டொக்டரிடம் காட்டு. கருவாட்டைப் பொரிக்கும்போது யன்னலைத் திறந்து வை, பக்கத்து வீட்டார் பொலிஸுக்கு அறிவித்துவிடப் போகிறார்கள். நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி வாழ என் ஆசி எப்போதும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் எடு. இங்கே எல்லாம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும், இருந்தாலும் எடு.

உன் அன்பு அம்மா,
ந. சீதேவிப்பிள்ளை