கணக்கப்பிள்ளை சொல்லிவிட்ட சேதி

ஹேவாஹெட்ட,
நவம்பர் 26, செவ்வாய்.

அன்புள்ள தங்கச்சி ஐரினுக்கு, சவரியம்மா அக்கா எழுதுவது.

போன் செத்துவிட்டது. இங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற ராஜலிங்கம் மாஸ்டர் மண் சரிந்த இடத்தை நடந்து தாண்டி கண்டிக்கு வருகிறார். அவர் கையில் இதைக் கொடுக்கிறேன்.

தன் மகள் நிலூஷாவுக்குக் கூடாரம் போட்டுக் காட்டுகிறேன் என்று என் மகன் மத்தியூ என்னையும் மலைக்கு இழுத்து வந்தான். ஒரு ராத்திரி தாங்கவில்லை. கூடாரம் பிய்ந்து, பாதை இரண்டு பக்கமும் அடைபட்டு, இங்கே ஒரு கடையின் பின் அறையில் கிடக்கிறோம். சுவரை ஒட்டி மலை. காலையில் குழாயில் சேறு வந்தது. இப்போது தண்ணீரே நின்றுவிட்டது. இந்த மழையில் ஏனடி நிற்க வேண்டும்?

வந்து நின்றது யார் தெரியுமா? நம் பழைய தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, முத்துலிங்கம். இந்த இடம் ஆகாது, மேட்டில் இருக்கும் தன் வீட்டுக்கு வரச் சொல்கிறான். எண்பத்தாறு ஜனவரி ஆறு, திங்கட்கிழமை மலை சரிந்ததை மறப்பேனா? மற்ற லயத்து வரிசை வீடுகளைக் காலி பண்ணச் சொன்னவன் நம் லயத்துக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் மூன்று வயது மகன் அன்ட்ரூவை மண்ணிலிருந்து பிணமாக நான்தான் தோண்டி எடுத்தேன். அவன் படியை மிதிக்க மாட்டேன், பேத்தியையும் விட மாட்டேன் என்று வாசலில் உட்கார்ந்துவிட்டேன். போகலாம் என்று மத்தியூ சண்டை பிடிக்கிறான்.

பயமாக இருக்கிறது. செபமாலை சொல்லு.

சவரியம்மா


கட்டுக்கலை, கண்டி,
நவம்பர் 27.

அக்கா,

இதைக் கண்டதும் பிள்ளையோடு அவர் வீட்டுக்குப் போ. காரணம் சொல்லாமல் நீ போக மாட்டாய், அதனால் சொல்கிறேன்.

அன்றைக்கு அவர் சேதி சொல்லிவிட்டார். என்னிடம். "மலையில வெடிப்பு விட்டிருக்கு. ஒங்க லயத்து ஆளுங்கள பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லு புள்ள, இப்பவே ஓடு" என்றார். எனக்குப் பதினாறு வயது. என் வீட்டுக்காரர் சுவக்கின் அப்போது பாலத்தடியில் எனக்காகக் காத்திருந்தார். ஒரு நிமிசம் பார்த்துவிட்டு வந்து சொல்லலாம் என்று போனேன்.

வந்தபோது நீ தோண்டிக்கொண்டிருந்தாய். அவரைத் திட்டினாய், நான் பக்கத்தில் நின்றேன். அவரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

என்னை என்ன வேண்டுமானாலும் செய். இப்போது எழுந்து போ அக்கா.

ஐரின்


ஹேவாஹெட்ட,
நவம்பர் 29.

ஐரினுக்கு,

மாஸ்டர் திரும்பி வந்து புதன் பின்னேரம் கடிதத்தைத் தந்தார். உன் கையெழுத்தை எழுத்துக் கூட்டித்தான் எனக்கு வாசிக்க வரும். பாலத்தடி வரைக்கும் வாசித்து எழுந்துவிட்டேன். மத்தியூ பிள்ளையைத் தூக்கிக்கொண்டான், கடைக்காரரையும் கூப்பிட்டுக்கொண்டு ஏறினோம். பாதி மேட்டில் பின்னால் பெரிய லொறி வருவதுபோலச் சத்தம். திரும்பிப் பார்த்தால் அறையும் இல்லை, கடையும் இல்லை. எல்லோரும் உயிரோடு இருக்கிறோம்.

மீதியை அவர் வீட்டில் வாசித்தேன். இத்தனை வருசம் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். "சின்னப் புள்ளதானே. தெரிஞ்சிருந்தா நீங்க அவளக் கொன்னிருப்பீங்க" என்றார். கொன்றிருப்பேன்தான். தானே நடந்து வந்து சொல்லியிருக்க வேண்டும் என்று அழுதார். அவர் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தேன்.

நிலூஷா இருப்பது உன் கடிதத்தால். அதற்காகத் தினமும் உன் பேரைச் சொல்லிச் செபிப்பேன், அதில் குறை வைக்க மாட்டேன். ஆனால் பாதை திறந்தாலும் எங்களைக் கூட்டிப்போக வராதே. கோயிலில் நான் இருக்கிற வாங்குப் பலகையில் உட்காராதே.

சவரியம்மா