இலக்கியாவின் தலைமேல் ஒரு சத்தியம்

கடலூர் சிறை
19.8.2007

அன்புள்ள வெண்மதிக்கு,

அண்ணி எழுதுகிறேன். உன் அண்ணனைக் கொன்றவளின் கடிதத்தை நீ படித்தே ஆக வேண்டும் என்றில்லை. கிழித்துப் போட்டாலும் கோபிக்க மாட்டேன்.

இலவச சட்ட உதவியில் ராமாமிர்தம் என்றொரு வக்கீலைத் தந்திருக்கிறார்கள். நல்ல மனிதர், அவசரம்தான் ஜாஸ்தி. "ஏம்மா, அவரு முழிச்சிருந்தாரு, கட்டையத் தூக்கிக்கிட்டு வந்தாரு, நீ தடுத்தேன்னு சொல்லு. தற்காப்புன்னு ஆயிடும். ஒன் நாத்தனாரும் அப்படியே சொன்னா வெளிய வந்துடலாம்" என்கிறார். அன்று மத்தியானம் வீட்டுக்குள் முதலில் நுழைந்தவள் நீ. அரசுத் தரப்பு சாட்சியும் நீதான்.

வெண்மதி, அவர் தூங்கிக்கொண்டுதான் இருந்தார். கம்பம் ஏறும் லைன்மேன், ஆறடி ஆள். முழித்திருந்தால் என் கையில் குழவிக்கல் நின்றிருக்குமா? இதை வக்கீலிடம் கேட்டேன். "சட்டத்துக்கு அதெல்லாம் தெரியாதும்மா" என்றார். நீ பார்த்ததைப் பார்த்தபடி சொல். எனக்காகப் பொய் வேண்டாம்.

என் பிள்ளை இலக்கியா பள்ளிக்கூடம் போகிறாளா?

அஞ்சலாட்சி


கிள்ளை
2.9.2007

அண்ணிக்கு,

'அன்புள்ள' என்று எழுதக் கை வரவில்லை. அவர் என் அண்ணன். சுனாமியன்று கழுத்தளவு தண்ணீரில் இறங்கி நாலு பேரை இழுத்துப் போட்டவர். ஊர் அதையே சொல்லி அழுகிறது. உங்கள் பெயரைக் கேட்டாலே அம்மா மண்ணை வாரித் தூற்றுகிறாள்.

அவர் அடித்தது எனக்குத் தெரியாததல்ல. போன வருசம் உங்கள் கை முறிந்தபோது பஞ்சாயத்தைக் கூட்டச் சொன்னதே நான்தான். திரௌபதி அம்மன் கோவிலில் இலக்கியாவின் தலையில் கை வைத்து, இனி அடிக்க மாட்டேன் என்று சூடம் அணைத்தாரே. அதற்குப் பிறகு நீங்கள் ஒரு வார்த்தை சொன்னீர்களா? அண்ணாமலை நகரில் டைப் அடித்துவிட்டு ஞாயிறுதோறும் ஹாஸ்டலிலிருந்து வந்தேன். "நல்லாருக்கேன் வெண்மதி" என்றுதானே சொன்னீர்கள்? "சத்தியம் பண்ணுனவன் அடிப்பானா? அப்புறம் ஏன் கொன்னா?" என்று தெருவில் கேட்கிறார்கள். என் கேள்வியும் அதுதான்.

இலக்கியாவுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. "அத்த, சத்தியம் ஒடஞ்சா நான் செத்துடுவேனா?" என்கிறாள். யார் சொன்னது அவளுக்கு?

வெண்மதி


கடலூர் சிறை
14.9.2007

அன்புள்ள வெண்மதிக்கு,

சொன்னது அவள் அப்பா.

சூடம் அணைத்த பத்தாம் நாளே அடித்தார். நான் கத்த வாயெடுத்தபோது வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "சத்தம் வெளிய போச்சு, சத்தியம் ஒடஞ்சுதுன்னு ஆயிடும். ஆத்தா யாரக் கேப்பா? ஒம் பொண்ணத்தான்." பஞ்சாயத்தார் அவரைக் கட்டிப் போட்டதாக நினைத்தார்கள். கட்டுப்பட்டது நான். பன்னிரண்டாவது வரை படித்தவள்தான், இதையெல்லாம் நம்பலாமா என்று நீ கேட்பாய். பிள்ளையின் தலையை வைத்துச் சோதித்துப் பார்க்க எந்தத் தாய்க்குத் துணிச்சல் வரும்? ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஸ்டேசனுக்குப் போகவில்லை. உன்னிடமும் சிரித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னை அடிப்பதை இலக்கியா பார்த்துவிட்டாள். "ஆயாவக் கூப்புடுறேன்" என்று தெருவுக்கு ஓடினாள். முடியைப் பிடித்து இழுத்து வந்து, சத்தியம் உடைந்தால் நீ செத்துப்போவாய் என்று அவளிடமே சொன்னார். அவள் மூத்திரம் பெய்துவிட்டாள். பிறகு சோறு போடச் சொன்னார், போட்டேன். சாப்பிட்டுப் படுத்தார். பாத்திரம் கழுவினேன். கழுவி முடித்த கையோடு குழவியை எடுத்தேன்.

சந்தோசமாக எடுத்தேன் என்று நினைக்காதே. சோர்ந்துபோயிருந்தேன், அவ்வளவுதான்.

அஞ்சலாட்சி


அண்ணாமலை நகர்
23.11.2008

அன்புள்ள அண்ணிக்கு,

தீர்ப்பு வந்த மறுநாளே எழுத நினைத்தேன், முடியவில்லை. வேலூர் சிறைக்கு பஸ்ஸில் ஏற்றும்போது உங்களை ஒருமுறை தொட்டிருக்கலாம். போலீஸ் தள்ளிவிட்டது.

கூண்டில் ஏறி நான் பொய் சொல்லவில்லை. அண்ணன் தூங்கிக்கொண்டிருந்ததைச் சொன்னேன். நீங்கள் எழுதிய பிறகு இலக்கியாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சொன்னேன். அரசு வக்கீல் எழுந்து, "சத்தியத்துக்கு அப்புறம் ஒரு புகார் உண்டா? ஒரு வைத்தியச் சீட்டு உண்டா?" என்றார். இல்லை. "சோறு போட்டிருக்கா, பாத்திரம் கழுவியிருக்கா. திடீர்க் கோபம் எங்க இருக்கு? தூங்குற மனுசனால என்ன ஆபத்து?" என்றார். உங்கள் கோபம் சூடாக இருந்தது என்று காட்ட எச்சில் தட்டு அப்படியே கிடந்திருக்க வேண்டும் போல. ரெண்டு ஆண்கள் சாராயக் கடையில் வெட்டிக்கொண்டால் அந்தக் கோபத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டு. அடித்தவன் முழித்திருக்கும்போது திருப்பி அடிக்க முடியாதவளுக்கு ஆயுள் தண்டனை.

அம்மா என்னோடு பேசுவதில்லை. கூடப் பிறந்தவனைக் காட்டிக் கொடுத்தேனாம். ஆனால் இலக்கியாவை விட மாட்டேன் என்கிறாள். நான் சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். வாசலோடு சரி.

அப்பீல் போடுவோம். சென்னை வக்கீல் ஒருவர், பல வருசம் சேர்ந்த கோபத்தையும் ஐகோர்ட் சில வழக்குகளில் கணக்கில் எடுத்திருக்கிறது என்கிறார். நம்பிக்கையோடு எழுதவில்லை. எழுதுகிறேன்.

வெண்மதி


அண்ணாமலை நகர்
6.5.2012

அன்புள்ள அண்ணிக்கு,

வக்கீல் சொல்லியிருப்பார். கொலை இல்லை, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் என்று மாற்றிவிட்டார்கள். இருந்த வருசங்களே போதும் என்று விடச் சொல்லிவிட்டார்கள். தீர்ப்பில் அந்தச் சத்தியத்தைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. படித்துவிட்டு டைப் மெஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். இதைச் சொல்ல இத்தனை வருசமா?

இன்னொன்று. அம்மா ஊரைக் கூட்டியிருக்கிறாள். நீங்கள் இலக்கியாவைப் பார்க்க வேண்டுமானால் அதே கோவிலில், அவள் தலையில் கை வைத்து, இனி யாருக்கும் கெடுதல் நினைக்க மாட்டேன் என்று சூடம் அணைக்க வேண்டுமாம். "அணைச்சிட்டு வூட்டுக்குள்ள வரட்டும். நான் தடுக்க மாட்டேன்" என்கிறாள். ஒரு நிமிச வேலை. அணைத்துவிடுங்கள் அண்ணி. எனக்கும் அலுத்துவிட்டது.

வெண்மதி


வேலூர் சிறை
13.5.2012

அன்புள்ள வெண்மதிக்கு,

நீ அலுத்துப்போனதில் தப்பில்லை. எனக்காகப் பெற்ற தாயை இழந்தவள் நீ.

ஆனால் நான் அணைக்க மாட்டேன். ஒரு நிமிச வேலைதான், தெரியும். அவரும் ஒரு நிமிசத்தில்தான் அணைத்தார். அந்தத் தலையை இனி யாரும் அடமானம் வைக்கக் கூடாது, பெற்றவள் நானும் கூட. அதற்காக அவளைப் பார்க்கவே முடியாது என்றால், பார்க்காமல் இருந்துகொள்கிறேன். பழகிவிட்டது.

அத்தையிடம் கோபமாகப் பேசாதே. அவரும் பிள்ளையைப் பறிகொடுத்தவர். இலக்கியாவுக்கு நீ தலை வாரும்போது மட்டும் சொல்: உன் தலையில் எவர் சத்தியமும் இல்லை, முடி மட்டும்தான் இருக்கிறது என்று.

என்னை 24ஆம் தேதி வியாழக்கிழமை காலையில் விடுகிறார்களாம். எங்கே போவது என்று இன்னும் யோசிக்கவில்லை.

அஞ்சலாட்சி


அண்ணாமலை நகர்
20.5.2012

அன்புள்ள அண்ணிக்கு,

நேற்று கிள்ளைக்குப் போய் உங்கள் கடிதத்தை இலக்கியாவிடமே படிக்கக் கொடுத்தேன். பன்னிரண்டு வயதாகிறது, இனி மறைக்க என்ன இருக்கிறது. படித்துவிட்டு உள்ளே போய்த் துணிப்பையை எடுத்து வந்தாள். அம்மா வாசலில் நின்று, "போனா திரும்பி வராதடி" என்றாள். "சரி ஆயா" என்றாள் இவள். ரெண்டு பேருமே அழவில்லை.

ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டேன். பின்தெருவில் ஓர் அறை பார்த்திருக்கிறேன், தண்ணீர்தான் தொல்லை. இலக்கியா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அம்மாவுக்கு ஒத்த ஜடை புடிக்குமா, ரெட்ட ஜடையா?" தெரியாது என்றேன்.

வியாழக்கிழமை சிறை வாசலுக்கு வருகிறோம். சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன். வந்து நிற்போம்.

வெண்மதி