காலரியை இடிக்கச் சொல்ல நினைத்தேன், அக்கா

ஓட்டப் பந்தயத்தில் ஒருநாளும் என்னை ஜெயிக்க விடாத என் செண்பக அக்காவுக்கு,

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. இதுவரை உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியதில்லை. இப்போது எழுதுவதும் பாசம் பொங்கி அல்ல. ஊரில் ஒன்று நடந்தது. அதில் நான் நினைத்ததையெல்லாம் உயிரோடு இருக்கும் யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சித்திரைக் கடைசியில் கோடை மழையோடு ஒரு சூறைக்காற்று அடித்தது. புளியங்குடிப் பக்கம் எலுமிச்சை மரங்களை வேரோடு சாய்த்துவிட்டு நம்மூருக்குள் புகுந்தது. ஸ்டேடியத்தில் நீ கடை கடையாக ஏறி இறங்கி வசூல் பண்ணிக் கட்டிய காலரியின் தகரக் கூரை மொத்தமாகப் பிய்ந்து, பாதி மைதானத்திலும் பாதி ரோட்டிலும் கிடந்தது. உன் பெயர் எழுதியிருந்த பின்சுவர் விழுந்துவிட்டது. உட்காரும் படிகளில் இரண்டு இடத்தில் விரிசல். நல்லவேளை, ஆள் யாருக்கும் சேதமில்லை.

மறுநாள் காலையில் பாதி ஊர் அங்கேதான் நின்றது. "டீச்சர் போன அன்னைக்குக்கூட எனக்கு இப்படி இல்ல" என்று உன்னிடம் படித்த ஒருத்தி விம்மினாள். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? செத்தவளுக்கு இரண்டாம் தடவையும் அழ ஆள் இருக்கிறதே என்றுதான். எனக்கு முதல் தடவைக்கே யார் வருவார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு கை விரல் போதுமாக இருந்தது.

ஸ்டேடியம் கமிட்டித் தலைவர், அதுதான் நம் பாத்திரக்கடை அண்ணாச்சி, வீடு தேடி வந்தார். "ஏம்மா கோமதி, இடிக்கணுமா, ரிப்பேர் பாத்தாப் போதுமான்னு நீதான் பாத்து எழுதித் தரணும். எஞ்சினியரா இருந்து ரிட்டயர்டு ஆனவ. அதுக்கும் மேல டீச்சருக்குத் தங்கச்சி" என்றார்.

அதுக்கும் மேல! முப்பது வருஷம் அரசாங்கத்துக்குக் கட்டடம் கட்டியது கீழே. உன் தங்கச்சியாகப் பிறந்தது மேலே.

நீ மாவட்டப் போட்டியில் ஓடப் போனால் அப்பா பலசரக்குக் கடையைப் பூட்டிவிட்டு உன்கூட பஸ் ஏறுவார். நான் பட்டம் வாங்கின அன்றைக்கு, "அங்கன ஒரு பேப்பர்தானே ட்டி குடுப்பாவ, நீயே போய் வாங்கிட்டு வந்துரு" என்றார். உனக்கு இது ஞாபகம் இருக்காது. ஜெயித்தவர்களுக்கு இதெல்லாம் எதற்கு ஞாபகம் இருக்க வேண்டும்?

அந்தக் காலரியின் பிளான் யார் போட்டது என்பது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். "ஓட வருத பிள்ளைய வேனுக்குப் பின்னால நின்னு துணி மாத்துதுவ. அதுகளுக்கு ஒரு ரூம் வேணும், ஏட்டி, நீ வரஞ்சு தா" என்று கேட்டாய். ஒரு வாரம் லீவு போட்டு வரைந்தேன். படிகளுக்கு அடியில் அந்த ரூமைப் பொருத்தியது என் யோசனை. திறப்பு விழாவில் எனக்கு மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி. நீ மைக்கைப் பிடித்து எல்லாருக்கும் நன்றி சொன்னாய். கலர் சோடா வாங்கி வந்து கொடுத்தவருக்குக்கூடச் சொன்னாய். என் பெயர் வரவில்லை.

அந்தக் கோபத்தோடுதான் காலரிக்குப் போனேன். கையில் டெஸ்ட் ஹேமர். தூணில் வைத்து அழுத்தினால் காங்கிரீட் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று எண் காட்டும். முதல் தூணில் நல்ல எண் வந்தது. இரண்டாவதில் அதைவிட நல்ல எண். எனக்கு மனசு இறங்கிப்போனது. கடைசித் தூணாவது உளுத்திருக்காதா என்று நினைத்துக்கொண்டே அழுத்தினேன். ஒரு எஞ்சினியர் இப்படி நினைக்கலாமா?

அப்போது அதைக் கட்டிய கொத்தனார் அங்கே வந்தார். நரைத்துப்போய்விட்டார். "தூணு அசையாதும்மா. பிளான் அப்படி. கம்பியில ஒண்ணு கொறைஞ்சாலும் டீச்சர் விட மாட்டாவ" என்றார்.

"பிளான் யார் போட்டதாம்?" என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"நாங்களும் கேட்டுப் பாத்தோம். 'அத மட்டும் கேக்காதீரும், சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்'னு சிரிப்பாவ. அவியளே போட்டதா இருக்கும்னு நாங்களா நெனச்சுக்கிட்டோம்."

நான் ஹேமரைப் பைக்குள் வைத்தேன். அக்கா, உன் பேரில் தப்பில்லை. அனுமதி இல்லாமல் வெளி வேலைக்குப் பிளான் போட்டது தெரிந்தால் என் உத்தியோகத்துக்குக் கேடு என்று, யாரிடமும் சொல்லாதே என்று உன்னிடம் சத்தியம் வாங்கினதே நான்தான். இத்தனை வருஷமாக உன் நன்றியுரை மட்டும் எனக்கு ஞாபகம் இருந்தது, நான் வாங்கின சத்தியம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன், ஒரே ஒரு தடவை அதை மீறியிருக்கக் கூடாதா? நான் ரிட்டயர்டு ஆன பிறகாவது?

வீட்டுக்கு வந்து இடித்துவிடலாம் என்றே அறிக்கை எழுதினேன். 'பாதுகாப்புக் கருதி' என்று ஆரம்பித்தால் எதிர்த்துப் பேச யாருக்கும் தைரியம் வராது. காலரியே போய்விட்டால் உன் பெயரைத் திரும்ப எழுத ஒரு சுவரும் இருக்காது என்பதை நினைத்தேன். நினைக்கவில்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

கமிட்டிக் கூட்டத்துக்குப் போகிற வழியில் மைதானத்தைக் கடந்தேன். ரூமைப் பூட்டி வைத்திருந்தார்கள். குருவிகுளத்திலிருந்து ஓட வந்த பிள்ளைகள் நாலு பேர் ஒரு வேனுக்குப் பின்னால் நின்றிருந்தார்கள். இரண்டு பேர் துப்பட்டாவை விரித்துப் பிடிக்க, உள்ளே ஒருத்தி அவசர அவசரமாகத் துணி மாற்றினாள். என்னைப் பார்த்ததும் துப்பட்டாவைப் பிடித்திருந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கூட்டத்தில் நான் வாயைத் திறக்கும் முன்பே அண்ணாச்சி சொன்னார். "இடிக்கதா இருந்தா புதுசாக் கட்டித் தர ஒருத்தர் தயாரா இருக்காரு. மூணு வருஷம் ஆகும். ஆகட்டும். பிளான் நீயே போடு. டீச்சர் பேரு போட்டாச்சு, இனி உன் பேரையே வச்சிருவோம்மா."

கோமதி காலரி! அக்கா, எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? வேண்டாம் என்று சொல்கிற பெருந்தன்மை என்னிடம் இல்லை.

ஆனால் அறிக்கையைப் பிரித்தால், 'தூண்கள் வலுவிழந்துள்ளன' என்ற வரி கண்ணில் பட்டது. அது என் தூண். நான் கணக்குப் போட்டு நிறுத்தியது. அதை உளுத்தது என்று என் வாயால் எப்படிச் சொல்வேன்? புதுசு எழும்பும்வரை மூன்று வருஷம் அந்தப் பிள்ளைகள் எந்த வேனைத் தேடுவார்கள்? தாளை மடித்துவிட்டு எழுந்தேன்.

"இடிக்க வேண்டாம். பின்சுவரைத் திரும்பக் கட்டி, விரிசலை அடைச்சா இன்னும் ரொம்ப வருஷம் நிக்கும். கூரை பறந்ததுக்கு, அதைத் தூணோட பிடிக்கிற போல்ட்டு குட்டையா இருந்ததுதான் காரணம். இப்படி ஒரு காத்து வரும்னு அன்னைக்கு நான் நெனைக்கல" என்றேன்.

"நீ ஏன் நெனைக்கணும்?" என்றார் அண்ணாச்சி.

"இந்தக் காலரிக்குப் பிளான் போட்டது நான்தான் அண்ணாச்சி. தூணும் என்னுது, போல்ட்டும் என்னுது."

நான் பாராட்டுக்கும் ஏச்சுக்கும் சேர்த்தே காத்திருந்தேன். கடைசியில் ஒருவர் தலையை ஆட்டிக்கொண்டு, "அதான பாத்தேன், டீச்சருக்குத் தங்கச்சி இல்லியா!" என்றார். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். உனக்குச் சிரிப்பு வருகிறதா? எனக்கு அன்றைக்கு வரவில்லை. இதை எழுதும்போது கொஞ்சம் வருகிறது.

ஆனியில் வேலை தொடங்கிவிட்டது. ரூமை முதலில் சரிசெய்யச் சொல்லிவிட்டேன். தினமும் காலையில் போய் நிற்கிறேன். போல்ட்டு ஒவ்வொன்றையும் என் கையால் முறுக்கிப் பார்க்காமல் கூரையை ஏற்ற விட மாட்டேன். சுவர் எழும்பியதும் உன் பெயரைத் திரும்ப எழுத வைக்கிறேன், இது சத்தியம். அதற்குக் கீழே என் பெயரும் இருக்கும். அதே எழுத்தில், அதே அளவில். ஒரு நூல்கூடக் குறைய விட மாட்டேன்.

இன்னும் பொறாமை அடங்காத
உன் தங்கச்சி,
கோமதி
சங்கரன்கோவில்