அக்காவின் பச்சைக் கான்

என் பவளமக்கா,

போன இடத்திலாவது ஒரு கதிரையில் ஆறுதலாக இருக்கிறாயா, இல்லை அங்கேயும் யாருடைய குசினியையாவது கூட்டிக்கொண்டு நிற்கிறாயா? நெடுங்கேணியில் மழை விட்டுவிட்டது. உன் வயல் நன்றாக விளைந்திருக்கிறது.

உன் பச்சைக் கானைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். களைநாசினி வந்த பிளாஸ்டிக் கான். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் மூடியோடு ஒரு கான் கிடைத்தால் எங்களுக்கு அது நகை மாதிரி. ஊர் திரும்பிய பிறகும் அந்தப் புத்தி விடவில்லை. சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்து, அதில்தானே வயலுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோனாய்? "மணம் இல்லையெண்டால் நஞ்சும் இல்லையடி" என்பாய்.

போன மாதம் குடும்பநல மாது வந்து பெண்களை இருத்திக் கதைத்தார். சில பூச்சிமருந்துகளும் களைநாசினிகளும் பிளாஸ்டிக்கில் கலக்கிற சில இரசாயனங்களும் உடம்புக்குள் போய், அங்கே சுரக்கிற ஓமோன் மாதிரி நடித்து ஏமாற்றுமாம். பெண்களுக்குப் புற்றுநோய் வரும் அபாயத்தையும் கூட்டக்கூடுமாம். அக்காவுக்கு வந்தது அதனால்தானா என்று கேட்டேன். ஒருவருக்கு எதனால் வந்தது என்று அப்படிச் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. உனக்குப் போதுமா?

வீட்டுக்கு வந்தால் உன் மகள் துளசி அதே கானில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருக்கிறாள். எறியச் சொன்னேன். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"அம்மா தன்ர கையால தேய்ச்சது, சின்னம்மா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "கொம்மா தேய்ச்சது உனக்கு நல்ல தண்ணி தாறதுக்கு, பிள்ளை. கானை வைச்சிருக்கிறதுக்கு இல்லை" என்றேன்.

கானைக் கவிழ்த்துத் தண்ணீரை ஊற்றினாள். பிறகு, வேறு யாரும் எடுத்துப் பாவிக்கக் கூடாதென்று, தானே கத்தியெடுத்து அடியில் ஓட்டை போட்டாள். உன் பிள்ளைதான், சந்தேகமில்லை. இப்போது வயலுக்கு எவர்சில்வர் வாளியில் தண்ணீர் போகிறது. பாதி வழியிலேயே சிந்திவிடுகிறது, நீ பார்த்தால் ஏசுவாய்.

மார்பில் கட்டி தட்டுப்பட்டபோது நீ என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? "நெல்லு வெட்டு முடியட்டும், பார்ப்பம்." நெல் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாய். பிறகு நீ உயிரோடு வீடு திரும்பவேயில்லை. உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான், அக்கா.

பெண்களுக்குப் புற்றுநோய் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்கிற சுகவனிதையர் கிளினிக்கில் என்னைப் புதன்கிழமை வரச்சொல்லியிருக்கிறார்கள். துளசியும் வருகிறாள். உடம்பைத் தானே சோதித்துப் பார்க்க அவளுக்குக் காட்டிக்கொடுப்பார்களாம். நெல் வெட்டுகிற மெசினும் அதே புதன்கிழமைதான் வருவதாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வயல் நிற்கட்டும், அக்கா. நாங்கள் போய்வருகிறோம்.

உன் பிள்ளைக்குச் சின்னம்மா,
உனக்கு என்றைக்கும் தங்கச்சி,
செல்வி