கதவு நிலையில் பித்தளை ஆணிகள்

6 அக்டோபர் 2025, திங்கள்

காலையிலிருந்து மழை. கூடத்து பல்ப் மங்கல், மாற்ற வேண்டும் என்று எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு, பல்ப் புதுசுதான், நல்ல வெளிச்சம் இருக்கிறதே என்றான். நானும் ஆமாம் என்றேன். எதற்கு ஆமாம் என்றேன்?

9 அக்டோபர், வியாழன்

மஸ்கட்டிலிருந்து ஷெமி பேசினாள். தீர்மானம் செய்துவிட்டுத்தான் பேசுகிறாள், என் மகள் அல்லவா. கிறிஸ்துமஸுக்கு வருவாள். ஜனவரியில் என்னைக் கூட்டிக்கொண்டு போவாள். அதற்குள் வீட்டுக்கு வெள்ளையடித்து, வாடகைக்கு விடத் தயாராக வைக்க வேண்டும்.

"மம்மி, இனியும் வாசி பிடிக்காதீங்க, பிடிவாதம் போதும். டாடி இருந்தாங்க, சரி. இப்ப கண்ணுக்கு ஒண்ணு ஆச்சுன்னா கரமனையில உங்களுக்கு யாரு இருக்கா?"

அவள் சொன்னதில் பிழை இல்லை. அதுதான் கோபம்.

இந்த நோட்டில் ஒரு தடவையாவது எழுதி வைக்கிறேன். 2021 ஜூலையில் கண் டாக்டர் என்னையும் என் கணவரையும் உட்கார வைத்துச் சொன்னார். பக்கப் பார்வை முதலில் போகும், பிறகு நடுவும் சுருங்கும், சொட்டு மருந்து விட்டால் மெதுவாகப் போகும், நிற்காது. நோயின் பெயரையும் சொன்னார். திரும்பி வரும்போது ஆட்டோவில் அவரிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அந்த வார்த்தையை நம் வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. "சரி, எலிசா" என்றார். அவ்வளவுதான். சாகும்வரை சொல்லவில்லை. காலை எட்டு, இரவு எட்டு, மருந்துக் குப்பியோடு வந்து நிற்பார். நான் முகத்தை நிமிர்த்துவேன். ஒரு பேச்சும் இருக்காது.

14 அக்டோபர், செவ்வாய்

நவம்பர் 22, சனிக்கிழமை, அவர் போய் ஒரு வருடம். நினைவு ஜெப அட்டையில் அச்சிட அரைப் பக்கம் எழுதித் தரும்படி சபையில் கேட்டிருக்கிறார்கள். எழுதினேன்.

'சுபேதார் அ. அருமைநாயகம். பிறப்பு 1947. ராணுவத்தில் சாப்பர் பிரிவு (பொறியாளர் படை). 1971 யுத்தத்தில் மேற்கு எல்லையில் பணி. அன்பான கணவர், தகப்பன்.'

படித்துப் பார்த்தேன். பென்ஷன் புத்தகம்போல் இருக்கிறது. ஐம்பத்தொரு வருடம் ஒரு மனிதரோடு வாழ்ந்துவிட்டு இவ்வளவுதானா? யுத்தத்தைப்பற்றி அவர் பேசியதே இல்லை. கல்யாணமான புதிதில் கேட்டேன், அங்கே எப்படி இருந்தது என்று. "மூடுபனி அதிகம், எலிசா" என்றார். சரித்திரம் முடிந்தது.

ஷெமியின் பள்ளி நாட்களில் நான் ஏழரைக்கே என் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிடுவேன். அவர் லீவில் வந்திருந்தால் அவர்தான் பின்னல் போடுவார். இரண்டு பின்னலும் ஒரே நீளம், ரிப்பன் முடிச்சும் ஒரே அளவு. அது எனக்குக்கூட வராது. ஆனால் அதை அட்டையில் எழுத முடியுமா?

வித்துராவில் சற்குணம் இருக்கிறார், அவருடைய பிரிவில் இருந்தவர். கடிதம் எழுதியிருக்கிறேன், ஜெபத்துக்கு வந்து நாலு விவரம் சொல்லச் சொல்லி.

17 அக்டோபர், வெள்ளி

குறைகளையும் எழுத வேண்டும். இல்லையென்றால் டைரி எதற்கு.

முதல் குறை: எந்த வாசலிலும் அவர்தான் முதலில் நுழைவார். கான்வென்டில் மதர் எங்களுக்குச் சொல்லித் தந்தது, கண்ணியமான ஆண் கதவைத் திறந்து பிடித்துப் பெண்ணை முன்னே விடுவான் என்று. இவர் என்னைத் தாண்டிப் போவார். கல்யாண வீடு, ரயில் பெட்டி, மழை பெய்த ஆலய முற்றம், எங்கேயும். ஒரு எட்டு முன்னே போய்த் திரும்பி, "இங்க கால் வை" என்பார். என் சிநேகிதிகள் முன்னால் எத்தனை தடவை குன்றிப் போயிருக்கிறேன். சொல்லியும் பார்த்தேன். "சரி" என்பார். அடுத்த வாசலிலும் அதே.

இரண்டாவது: ஆணிகள். கடைசி மூன்று வருடம் இதுதான் பைத்தியம். கதவு நிலைகளில் பித்தளை ஆணி. குமிழ்த் தலை. ஓரிடத்தில் ஒன்று, ஓரிடத்தில் இரண்டு. எதையும் மாட்டுவதற்கில்லை, அழகுக்கும் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் நான் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் போய் வருவதற்குள் அடித்துவிடுவார். சுத்தியல் சத்தம் அண்டை வீட்டாருக்குக்கூட ஒரு நாளும் கேட்டதில்லையாம். தேக்கு நிலை, என் அப்பா கட்டிய வீடு. கத்துவேன். நாற்காலிகளையும் இஷ்டத்துக்கு நகர்த்திச் சுவரோரம் போட்டுவிட்டார். நான் பழைய இடத்தில் போடுவேன், அவர் திரும்ப நகர்த்துவார். வயதானால் புத்தி இப்படிப் போகுமோ என்று ஷெமியிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு நாள் என்னைப் படுக்கையறை நிலையருகே நிற்கச் சொன்னார். நேராக நில், கையை மடக்கு என்று. பென்சிலால் மரத்தில் ஒரு கோடு போட்டார். "நான் என்ன ஒண்ணாம் கிளாஸ் பிள்ளையா, உயரம் அளக்க?" என்றேன். சிரித்தார்.

3 நவம்பர், திங்கள்

பெயின்டர் தளவாய் வந்து வீட்டைப் பார்த்தான். தென்காசிப் பக்கத்து ஆள். மரியாதை தெரிந்தவன், செருப்பை வெளியே விட்டான். நிலைகளில் உள்ள ஆணி எல்லாவற்றையும் பிடுங்கி, துளைகளைப் புட்டி வைத்து அடைத்து மெருகு போடச் சொன்னேன். வாடகைக்கு வருகிறவர்கள் இதென்ன கோலம் என்று கேட்கக் கூடாது.

20 நவம்பர், வியாழன்

இன்று சமையலறையில் தொடங்கினான். அந்த வாசலில் மட்டும் மூன்று ஆணி. பிடுங்கிப் புட்டி வைத்தாயிற்று. இருந்த இடம் தெரியவில்லை. சுத்தமாக வேலை செய்கிறான். மீதி திங்கட்கிழமை.

மத்தியானம் கொதித்த பால் பாத்திரத்தின்மேல் கை பட்டுவிட்டது. பெரிய காயம் இல்லை. ஷெமிக்குச் சொல்லவில்லை.

22 நவம்பர், சனி

எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும்.

ஜெபம் பத்தரைக்கு முடிந்தது. வந்தவர்கள் போனார்கள். சற்குணம் மட்டும் இருந்தார். எழுபத்துமூன்று வயது, காது கொஞ்சம் மந்தம். மூடுபனியைப்பற்றிக் கேட்டேன். அவர் சொன்னது:

டிசம்பர் மாதம். முன்னே கண்ணிவெடி புதைத்த வயல். பகல்தான், ஆனால் நீட்டிய கை தெரியாத பனி. நாற்பத்தொரு பேர் அந்த வயலைக் கடக்க வேண்டும். அருமைநாயகத்துக்கு அப்போது இருபத்துநாலு வயது. இடுப்பில் ஒரு கயிற்றுச் சுருளைக் கட்டிக்கொண்டு, வயிற்றால் ஊர்ந்து, ஒரு கம்பியால் மண்ணைச் சாய்வாகக் குத்திக் குத்தி முன்னே போனார். போன வழியெல்லாம் கயிற்றை முளையடித்துக் கட்டிக்கொண்டே போனார், பின்னால் வருகிறவன் கண்ணை நம்பாமல் கையால் தடவி வர.

"அதுல முடிச்சு போட்டிருந்தாரு அக்கா. ஒரு முடிச்சு, நேரே வா. ரெண்டு, தரை மாறுது, பைய கால் வை. மூணு, நில்லு, அங்க சாவு இருக்கு. நான் கடைசி ஆளு. பத்தொம்பது வயசு. பயத்துல கண்ண இறுக்கி மூடிக்கிட்டாக்கும் நடந்தேன். கயிறு மட்டும்தான் கையில. ஒருத்தனுக்கும் ஒரு விரலு போகல்ல."

நாற்பத்தொரு பேர். அவர்களுக்கு மனைவிகள், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். இவரோ பனி அதிகம் என்று சொல்லிவிட்டுத் தோசைக்குச் சட்னி கேட்ட மனிதர்.

எங்கும் முந்திப் போவாரே, அதையும் கேட்டேன். சற்குணம் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "சாப்பர் முன்னாடியாக்கும் போவான். வெடிச்சா அவனோட போகணும். பொஞ்சாதிய முன்னால விடுவாரா?"

ஐம்பத்தொரு வருடம். மதரே, நீங்கள் சொல்லித் தந்தது வேறு.

பிறகு கை கழுவ எழுந்தார். படுக்கையறை வாசலைத் தாண்டும்போது நிலையில் கை வைத்தவர், நின்றுவிட்டார். ஆணியைத் தடவினார். அடுத்த வாசலுக்குப் போனார். அங்கே இரண்டு ஆணி. அந்த இடத்தில் தரை ஒரு படி இறங்கும். கண்ணை மூடிக்கொண்டார். அந்தக் கிழவர் என் வீட்டுக்குள் கண்ணை மூடியபடி, ஜெபத்துக்காகச் சுவரோரம் ஒதுக்கிய ஒரு நாற்காலியிலும் இடிக்காமல், நிலை நிலையாகத் தடவிக்கொண்டு நடந்ததை நான் நின்று பார்த்தேன். சமையலறை வாசலில் விரல் தேடியது. புட்டி வைத்துத் தேய்த்த மரம் வழுவழுப்பாக இருந்தது.

"இங்க மூணு இருந்திருக்கணுமே அக்கா. உள்ள அடுப்பு இருக்குல்லா."

"இருந்தது. நான்தான் பிடுங்கச் சொன்னேன்."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார், "உங்களுக்கு கண்ணுக்கு என்னவாக்கும்?"

சொன்னேன். கிளாக்கோமா. இந்த வீட்டில் அந்த வார்த்தையை முதல் தடவையாக உரக்கச் சொன்னது நான்தான்.

போகும்போது வராந்தாத் தூணில் இருந்த கடைசி ஆணியைத் தொட்டுக் காட்டினார். அதற்கப்பால் மூன்று படி, பிறகு முற்றம், கேட். எதிலும் ஒன்றும் இல்லை. "நம்ம சுபேதார் சாப்புக்கு நேரம் கெடைக்கல்ல" என்றார்.

பேசக் கூடாது என்றேன். பேசவில்லை அவர். எனக்கே தெரியாமல், திட்டு வாங்கிக்கொண்டே, எனக்கு ஒரு பாதை போட்டிருக்கிறார். அவர் இதய நோயாளி வேறு. வெள்ளிக்கிழமைகளில், தனியாக. நான் நாற்காலியைத் திரும்ப நடுவில் போட்டபோதெல்லாம் அவருக்கு என்ன தோன்றியிருக்கும்? ஐயோ, என்ன செஞ்சிட்டேன் நான். அட்டையில் என்ன எழுதினேன் — அன்பான கணவர். இது வேறு ஏதோ. இதற்கு எனக்கு வார்த்தை தெரியவில்லை.

23 நவம்பர், ஞாயிறு

கண்ணை மூடிக்கொண்டு நடந்தேன். படுக்கையிலிருந்து குளியலறை. குளியலறையிலிருந்து கூடம். சமையலறை வாசலில் கைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அங்கேயே நின்றேன்.

24 நவம்பர், திங்கள்

தளவாய் வந்தான். மீதி ஆணிகளைத் தொடாதே, சமையலறை ஆணிகளைத் திரும்ப அடி என்றேன்.

"அத அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா மேடம். புட்டி வச்சுத் தேச்சாச்சு. எந்த எடம்னு இப்ப யாருக்குத் தெரியும்?"

எனக்கும் தெரியவில்லை. பிறகு பென்சில் கோடு நினைவு வந்தது. படுக்கையறை நிலையில், கதவின் பின்பக்கம், இன்னும் இருக்கிறது. அங்கே போய் நேராக நின்று கையை மடக்கினேன். விரல் கோட்டின்மேல் போய் நின்றது. வீடு முழுக்க எல்லா ஆணியும் அதே உயரம், தளவாய் டேப் வைத்து அளந்து பார்த்தான். ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை. அவனுக்குக் காரணம் சொன்னேன். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுத் தலைத்துண்டை அவிழ்த்தான்.

"ஐயா என்ன வேல பாத்தாக மேடம்?"

"பாதை போடுகிற வேலை" என்றேன்.

மூன்று ஆணியையும் அடித்தான். நிலைகளுக்கு மெருகு போடும்போது அந்தப் பென்சில் கோட்டை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். நாற்காலிகள் எல்லாம் சுவரோரம்.

29 நவம்பர், சனி

அவர் அலமாரியின் கீழ்த்தட்டில் பிஸ்கட் டப்பா. பதினோரு பித்தளை ஆணி. சுத்தியல் தலைக்குத் துணி சுற்றிக் கட்டியிருக்கிறது. அதனால்தான் சத்தம் கேட்டதில்லை. அண்டை வீட்டார் என்னிடம் என்ன சத்தம் என்று கேட்டுவிடக் கூடாது என்று. டப்பாவின் அடியில் ஒரு கயிறு, வழவழப்பான கயிறு. பாதி தூரம் முடிச்சு போட்டு, மீதி வெறுமையாக.

24 டிசம்பர், புதன்

ஷெமி நேற்று வந்தாள். வந்ததுமே டிக்கெட் பேச்சு. இன்று காலை அவளைக் கூடத்தில் உட்கார வைத்தேன். அவள் எதிரில் கண்ணில் கைக்குட்டை கட்டிக்கொண்டு சமையலறைக்குப் போய்த் தேயிலை போட்டு எடுத்து வந்தேன். கொஞ்சம் தட்டில் சிந்தியது. அது கண் இருந்தாலும் சிந்தும்.

அவள் குடிக்கவில்லை. "டாடி வட்டாயிட்டாருன்னு நீங்கதானே சொன்னீங்க மம்மி" என்றாள். ஆமாம், நான்தான் அவருக்குப் பைத்தியம் என்று சொன்னேன். பிறகு ஒவ்வொரு நிலையாகப் போய்த் தொட்டுப் பார்த்தாள். படுக்கையறையில் ரொம்ப நேரம் இருந்தாள். எல்லா ஆணியும் ஒரே அளவில், தனக்கு அவர் போட்ட பின்னல்போல் இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

மாலையில் பேசி முடித்தோம். அவள் நிபந்தனை, ஆறு மாதம் பார்ப்பது, தினமும் இரண்டு போன், பகலில் துணைக்கு ஒரு பெண். என் நிபந்தனை, வருகிற பெண் நாற்காலியை நகர்த்தக் கூடாது. ஆனால் வெளிப்படியை நினைத்தால் அவளுக்குத் தூக்கம் வராதாம்.

5 ஜனவரி 2026, திங்கள்

ஷெமி தனியாக மஸ்கட் போனாள்.

9 ஜனவரி, வெள்ளி

இன்று சங்கத்துக்குப் போகவில்லை. பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்தேன். அவர் விட்ட இடத்திலிருந்து முடிச்சுப் போட்டேன். படிக்கு இரண்டிரண்டு அவரே போட்டிருந்தார்; மீதி முற்றத்துக்கு ஒவ்வொன்று, ரோட்டுப் பக்கம் மூன்று. என் முடிச்சுகள் அவருடையவைபோல் ஒரே அளவாக இல்லை. தடவினால் எங்கே அவர் முடிந்து எங்கே நான் தொடங்கினேன் என்று நன்றாகத் தெரியும். தெரியட்டும்.

தூணிலிருந்து கேட் வரை இழுத்துக் கட்டினேன். கேட் தூணின் மரச்சட்டத்தில் மூன்று ஆணி. மூன்றாவது கோணலாக இறங்கிவிட்டது. பிடுங்கித் திரும்ப அடிக்கலாமா என்று பார்த்தேன்.

விட்டுவிட்டேன். கைக்குக் கிடைக்கிறது.